கழித்தல் குறியும் கயிற்றின் இழுப்பும்

பள்ளி மாணவர் பௌதிகத்தில் முதன்முதலாகத் திகைத்து நிற்கும் இடங்களுள் ஒன்று, கப்பியும் கயிறும் வரும் கணக்கு ஆகும். கயிற்றின் இரு முனைகளிலும் இரு பொருள்கள் தொங்குகின்றன. ஒன்று இறங்குகிறது, மற்றொன்று ஏறுகிறது. கயிற்றின் இழுவிசை எவ்வளவு? நியூட்டனின் விதியை மாணவர் அறிவார். கூட்டவும் பெருக்கவும் அறிவார். ஆயினும் விடை பிழைபடுகிறது. ஏட்டைத் திருத்தும் ஆசிரியர், "குறி தவறு" என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதிவிட்டு அடுத்த ஏட்டை எடுக்கிறார். மேல்நோக்கிய திசை ஏன் கூட்டலாக இருக்க வேண்டும், கீழ்நோக்கியது ஏன் கழித்தலாக வேண்டும், இதை முடிவு செய்தவர் யார் என்ற வினாக்கள் மாணவர் மனத்தில் எழாமல் இல்லை. ஆனால் அவற்றுக்கு விடை கூறப் பாடவேளை போதுவதில்லை.

இவ்வினாக்கள் அறியாமையிலிருந்து பிறந்தவை என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டா. கணித அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இவற்றோடு போராடியிருக்கின்றனர். கழித்தல் குறி எண்களோடு பிறந்தது. திசைகளோடு சேர்ந்த பிறகுதான் அதற்கு நிலையான இருப்பிடம் கிடைத்தது. அந்த வரலாற்றின் சில பகுதிகளை இங்கு நாம் காண்போம்.

பூஜ்யத்திற்குக் குறைந்த எண்ணைக் கணக்கில் கையாளும் விதிகளை ஒழுங்குபடக் கூறிய பழைய நூல்களுள் பிரம்மகுப்தரின் பிரம்மஸ்புட சித்தாந்தம் தலையாயது. இன்றைய ராஜஸ்தானத்தைச் சேர்ந்த பின்மால் நகரில் வாழ்ந்த அவர் 628-ம் ஆண்டில், தமது முப்பதாவது வயதில், இந்நூலை இயற்றினார். கூட்டல் எண்ணுக்கு அவர் இட்ட பெயர் தனம். கழித்தல் எண்ணுக்கு இட்ட பெயர் ருணம், அதாவது கடன். கடனும் கடனும் சேர்ந்தால் பெருங்கடன். சூனியத்திலிருந்து கடனைக் கழித்தால் தனம். வணிகர் எவரும் தலையசைத்து ஏற்றுக்கொள்ளும் விதிகள் இவை. சீனர்களும் அவருக்கு முன்பே கணக்குக் குச்சிகளைக் கொண்டு இக்காரியத்தைச் செய்து வந்தனர். அவர்களிடம் சிவப்புக் குச்சி கூட்டலையும் கறுப்புக் குச்சி கழித்தலையும் குறித்தது. இன்றைய கணக்கர் நஷ்டத்தைச் சிவப்பு மையால் எழுதுவதை அவர்கள் கண்டிருந்தால் வியந்திருப்பார்கள்!

கடன் என்னும் உவமை எளியது. ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. கடனுக்குத் திசை கிடையாது. கயிற்றின் இழுப்பைக் கடன் என்றோ தனம் என்றோ கூறினால் பொருள் விளங்காது. இந்த எல்லையைத் தாண்டிய படியை நாம் பாஸ்கராசாரியரின் நூல்களில் காண்கிறோம். 1150-ம் ஆண்டில் அவர் இயற்றிய சித்தாந்த சிரோமணியின் பகுதிகளாகக் கருதப்படும் லீலாவதியையும் பீஜகணிதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒரு விந்தை புலப்படுகிறது.

பீஜகணிதத்தில் குரங்குக் கூட்டம் பற்றிய ஒரு கணக்கு வருகிறது. கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் கழித்து, எஞ்சியதன் வர்க்கத்தளவு குரங்குகள் குகைக்குள் சென்றுவிட்டன, ஒன்று மட்டும் மரக்கிளையில் தென்படுகிறது, மொத்தம் எத்தனை? கணக்கிட்டால் இரண்டு விடைகள் வருகின்றன: 50, 5. ஐம்பதில் ஐந்தில் ஒரு பங்கு 10. மூன்று போக 7. அதன் வர்க்கம் 49. கிளையிலுள்ள ஒன்றுடன் 50. சரியாக இருக்கிறது. ஐந்தை எடுத்துக்கொண்டால் ஐந்தில் ஒரு பங்கு 1. அதிலிருந்து மூன்றைக் கழித்தால் கழித்தல் 2. அதன் வர்க்கம் 4; ஒன்றைக் கூட்ட 5. கணக்கின்படி இதுவும் சரியே. ஆயினும் பாஸ்கரர் இரண்டாவது விடையை ஏற்கவில்லை. கழித்தல் தொகையாக நிற்கும் பொருளை உலகத்தார் ஒப்புவதில்லை என்பது அவர் கூறும் காரணம். குரங்கு ஒன்றிலிருந்து மூன்று குரங்குகளைப் பிடித்துச் செல்வது எங்ஙனம்?

லீலாவதியில் வரும் முக்கோணக் கணக்கோ வேறுவிதமானது. பக்கங்கள் 10, 17, அடிப்பக்கம் 9. உச்சியிலிருந்து செங்குத்தாக இறக்கிய கோடு அடிப்பக்கத்தை எவ்விரு துண்டுகளாகப் பிரிக்கும் என்பது வினா. வழக்கமான முறையில் கணக்கிட்டால் ஒரு துண்டு 15 என்றும் மற்றது கழித்தல் 6 என்றும் வருகின்றன. அடிப்பக்கமே 9 ஆக இருக்க, அதன் துண்டு 15 ஆவது எப்படி? படம் வரைந்து பார்த்தால் தெளிவாகும். செங்குத்துக்கோடு அடிப்பக்கத்தின்மேல் விழவில்லை. அதற்கு வெளியே, 6 அளவு தள்ளி விழுகிறது. அதன் உயரம் 8. கழித்தல் 6 என்பதற்குப் பாஸ்கரர் தரும் விளக்கம், அது எதிர்த்திசையில் உள்ளது என்பதே. குரங்குகளில் அவர் தள்ளிவிட்ட அதே கழித்தலை இங்குத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கிறார். எண்ணிக்கைக்குப் பொருந்தாத குறி திசைக்குப் பொருந்திவிட்டது.

பாஸ்கரருக்கு உரை எழுதிய கிருஷ்ண தைவக்ஞர், 1600-ஐ ஒட்டிய காலத்தில், இதை இன்னும் விரித்துக் கூறினார். ஜஹாங்கீரின் ஆதரவு பெற்ற ஜோதிட அறிஞர் அவர். இடத்தைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் பொருளைப் பற்றியும் கழித்தல் மூவகைப்படும். மூன்றிலும் எதிரான தன்மையே அதன் இயல்பு என்பது அவருடைய விளக்கம். ஒரு கோட்டில் கிழக்கைக் கூட்டலாகக் கொண்டால் மேற்கு கழித்தலாகும். கிழக்கைத்தான் கூட்டலாகக் கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பௌதிக ஆசிரியர் இன்று கரும்பலகையில் ஓர் அம்புக்குறி வரைந்து, "இதுவே கூட்டல் திசை" என்று கூறும்போது செய்வதும் இந்த ஒப்பந்தத்தையே ஆகும்.

குறி என்பது ஒப்பந்தம் என்பதற்கு எழுத்துருவே நல்ல சான்று. பாஸ்கரர் கழித்தல் எண்ணின் தலைமேல் ஒரு புள்ளி வைத்தார். 1881-ம் ஆண்டில் பெஷாவருக்கு அருகில் பக்ஷாலி என்னும் ஊரில் மண்ணிலிருந்து கிடைத்த பழஞ்சுவடியிலோ, எண்ணின் வலப்புறம் ஒரு சிறு சிலுவை காணப்படுகிறது. நாம் இன்று கூட்டலுக்கு இடும் அதே உருவம். அங்கு அது கழித்தலைக் குறிக்கிறது. இப்போதைய கூட்டல், கழித்தல் குறிகள் முதன்முதலில் அச்சேறியது 1489-ல், ஜெர்மானியரான யோஹான்னஸ் விட்மன் எழுதிய வணிகக் கணக்கு நூலில்.

ஐரோப்பாவில் குறி கிடைத்துவிட்டது, நம்பிக்கை கிடைக்கவில்லை. டேகார்ட் 1637-ம் ஆண்டின் வடிவ கணித நூலில் கழித்தல் விடைகளைப் பொய் மூலங்கள் என்று குறித்தார். அவருக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1629-ல், ஆல்பெர் ஜிரார் என்பவர், வடிவ கணிதத்தில் கழித்தல் விடை பின்னோக்கிச் செல்வதைக் குறிக்கும் என்று எழுதியிருந்தார். அக்குரல் அதிகம் கேட்கப்படவில்லை.

டேகார்ட்டின் இந்த அலட்சியம் பௌதிகத்தில் பெரும் விலை கேட்டது. 1644-ம் ஆண்டில் வெளியிட்ட தத்துவ நூலில், உலகிலுள்ள இயக்கத்தின் மொத்த அளவு மாறாது என்ற உயர்ந்த கருத்தை அவர் முன்வைத்தார். இயக்கத்தின் அளவு என்பது பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. ஆனால் திசையை அவர் இயக்கத்திலிருந்து வேறாகப் பிரித்து வைத்துவிட்டார்; பெருக்கி வந்த தொகைக்குக் குறி இல்லை. ஒரு கிலோ களிமண் உருண்டைகள் இரண்டு, வினாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் எதிரெதிராக வந்து மோதி ஒட்டிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நின்றுவிடும். டேகார்ட்டின் கணக்கில் மோதுமுன் 6, மோதிய பின் 0. மாறாத அளவு கண்ணெதிரே மறைந்து போகிறது! அவர் வகுத்த ஏழு மோதல் விதிகளுள் நான்காவது இன்னும் வியப்பானது. அசையாது கிடக்கும் பெரிய பொருளைச் சிறிய பொருள் எவ்வளவு வேகமாக மோதினாலும் அசைக்க இயலாது என்கிறது அது. கோலி விளையாடும் சிறுவன் இதை மறுத்துக் காட்டிவிடுவான்.

இக்குழப்பம் தீர இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. லண்டன் ராயல் சங்கம் 1668-ல் மோதல் விதிகளைப் பற்றி ஆராய்ச்சி வேண்டியபோது ஜான் வாலிஸ், கிறிஸ்டபர் ரென், ஹாலந்தைச் சேர்ந்த ஹைகன்ஸ் ஆகிய மூவர் தத்தம் முடிவுகளை அனுப்பினர். எதிர்த்திசை இயக்கத்தைக் கழித்துவிட்டு ஒரே திசையிலான இயக்கத்தை எடுத்துக்கொண்டால் அதன் அளவு மாறுவதில்லை என்று ஹைகன்ஸ் 1669-ல் தெளிவாகக் கூறினார். களிமண் உருண்டைகளில் கூட்டல் 3-ம் கழித்தல் 3-ம் சேர்ந்து தொடக்கத்திலேயே பூஜ்யம், முடிவிலும் பூஜ்யம். நியூட்டன் 1687-ல் தம் பேரேட்டில் இயக்க விதிகளின் கிளைத் தேற்றமாக இதைச் சேர்த்துக்கொண்டார். மூவருள் வாலிஸ் 1685-ல் வெளியிட்ட இயற்கணித நூலில் ஒரு மனிதனை நடக்கவிட்டு இக்கருத்தை விளக்குகிறார்: ஐந்து கஜம் முன்னே சென்றவன் எட்டு கஜம் பின்வாங்கினால் எவ்வளவு முன்னேறியிருக்கிறான்? கழித்தல் 3 கஜம். கடன் உவமையிலிருந்து நடை உவமைக்கு ஐரோப்பா வந்து சேர்ந்த இடம் இது.

இதற்குப் பின்னும் ஐயம் ஓய்ந்துவிடவில்லை. சட்ட அறிஞரான பிரான்சிஸ் மேசரெஸ் 1758-ல் கழித்தல் குறியைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் பிரெண்டு 1796-ல் கழித்தல் எண்ணே இல்லாத இயற்கணிதப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். பிரெண்டின் மருமகன் ஆகஸ்டஸ் டி மார்கன், 1806-ல் நமது மதுரையில் பிறந்தவர் என்பது நேயர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் அவர். 1831-ல் எழுதிய நூலில் அவர் ஒரு கணக்கைத் தருகிறார். தந்தைக்கு வயது 56, மகனுக்கு 29; தந்தையின் வயது மகனுடையதைப் போல் இரு மடங்காவது எத்தனை ஆண்டுகளுக்குப் பின்? விடை கழித்தல் 2. இவ்விடை பொருளற்றது, வினாவைத் திருத்திக் கேட்க வேண்டும் என்றார் டி மார்கன். எத்தனை ஆண்டுகளுக்கு முன் என்று கேட்டிருந்தால் 2 என்று நேராகவே விடை வரும். வினாவைத் திருத்துவதற்குப் பதிலாகக் குறியைப் படிக்கக் கற்றுக்கொள்வதே எளிது என்பது நமது கருத்து. டி மார்கனும் பிற்காலத்தில் குறிகளுக்குத் திசைப்பொருள் தரும் இயற்கணிதத்தை வளர்ப்பதிலேயே ஈடுபட்டார்.

ஆங்கிலேய அறிஞர்கள் இவ்வாறு வாதிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் நம் மாணவரைத் திகைக்க வைக்கும் கருவி பிறந்தது. கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியின் ஜார்ஜ் ஆட்வுட், 1784-ல் வெளியிட்ட நூலில் கப்பிப் பொறியை விவரித்தார். கையிலிருந்து நழுவிய பொருள் முதல் வினாடியிலேயே ஏறத்தாழ 4.9 மீட்டர் விழுந்துவிடுகிறது. அக்காலத்துக் கடிகாரத்தால் அதைத் தொடர்ந்து அளப்பது அரிது. கப்பியின் ஒருபுறம் 50 பங்கும் மறுபுறம் 51 பங்கும் தொங்கவிட்டால் முதல் வினாடியில் சுமார் 5 சென்டிமீட்டர் மட்டுமே இறங்கும். வீழ்ச்சியை மெதுவாக்கிக் காட்டும் பொறி அது. பிற்காலத்தில் அது தேர்வுக் கணக்காகிவிட்டது.

அக்கணக்கையே இப்போது எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் 5 கிலோ, மறுபுறம் 3 கிலோ. கயிற்றுக்கும் கப்பிக்கும் எடையில்லை, உராய்வும் இல்லை. ஈர்ப்பு முடுக்கம் 9.8. ஆகவே எடைகள் 49 நியூட்டன், 29.4 நியூட்டன். இழுவிசையை இ என்றும் முடுக்கத்தை மு என்றும் எழுதுவோம்.

ஒவ்வொரு பொருளும் நகரும் திசையே அதன் கூட்டல் திசை என்று கொண்டால், இறங்கும் பொருளுக்கு 49 − இ = 5 மு; ஏறும் பொருளுக்கு இ − 29.4 = 3 மு. இரண்டையும் கூட்டினால் 19.6 = 8 மு. முடுக்கம் 2.45, இழுவிசை 36.75 நியூட்டன். இங்கே மாணவர் ஒரு நியாயமான ஐயத்தை எழுப்புவார். கயிறு இரு பொருள்களையும் மேல்நோக்கித்தானே இழுக்கிறது. ஒரு வரியில் அது கழித்தலாகவும் மற்றொன்றில் கூட்டலாகவும் வருவது ஏன்? கூட்டல் திசை இங்குக் கயிற்றோடு சேர்ந்து கப்பியைச் சுற்றி வளைந்து செல்கிறது. ஒருபுறம் அது கீழ்நோக்கியும் மறுபுறம் மேல்நோக்கியும் இருக்கிறது. கயிற்றின் இழுப்பு மாறவில்லை. நாம் வைத்த அம்புக்குறிதான் மாறியது.

மேல்நோக்கியதே இருபுறமும் கூட்டல் என்றும் கொள்ளலாம். அப்போது இ இரு வரிகளிலும் கூட்டலாகவே நிற்கும். ஆனால் ஒரு பொருள் ஏறும்போது மற்றது இறங்குவதால், ஒன்றின் முடுக்கம் மு என்றால் மற்றதன் முடுக்கம் −மு. எனவே இ − 49 = −5 மு; இ − 29.4 = 3 மு. விடை முன்போலவே 36.75.

இரண்டு ஒப்பந்தங்களையும் கலந்துவிடுவதே விபத்து. மேல்நோக்கியது கூட்டல் என்று தொடங்கிவிட்டு, முடுக்கத்தை இருபுறமும் மு என்றே எழுதிவிடும் மாணவர் பலர். இ − 49 = 5 மு; இ − 29.4 = 3 மு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மு = −9.8. இழுவிசையோ பூஜ்யம்! எந்த இரு வேறு எடைகளைத் தொங்கவிட்டாலும் இப்பிழை இதே விடையைத்தான் தரும். இதன் பொருள் என்ன? இரு பொருள்களும் சேர்ந்தாற்போல் தடையின்றி விழுகின்றன, கயிறு இல்லை. அந்த ஒரு கழித்தல் குறிதான் இரு பொருள்களையும் ஒரே கயிற்றால் பிணைத்திருந்தது. அதை விட்டபோது மாணவர் தம்மை அறியாமலே கயிற்றை அறுத்துவிட்டார். "குறி தவறு" என்ற இரு சொற்களுக்குப் பதிலாக ஆசிரியர் இதைக் கூறினால் மாணவர் எளிதில் மறக்கமாட்டார் என்று நாம் நம்புகிறோம்.

இதற்கு மாறாக, எந்தப் பொருள் இறங்கும் என்பதைத் தவறாக ஊகிப்பதால் கேடில்லை. 3 கிலோ இறங்குவதாகக் கொண்டு ஒழுங்காக எழுதினால் முடுக்கம் −2.45 என்று வரும், இழுவிசை மாறாது. நினைத்த திசைக்கு எதிர்த்திசை என்று அக்குறி தானே தெரிவித்துவிடுகிறது. முக்கோணத்துக்கு வெளியே விழுந்த பாஸ்கரரின் செங்குத்துக்கோட்டைப் போல. ஈர்ப்பு முடுக்கத்தின் குறியை இருமுறை எண்ணிவிடுவது மற்றொரு பிழை. கீழ்நோக்கியது என்பதற்காக வரியில் ஒரு கழித்தல் இட்டு, எண்ணைப் பதிலிடும்போது மீண்டும் −9.8 என்று எழுதினால், எடை மேல்நோக்கி இழுக்கத் தொடங்கிவிடும்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இவ்விடத்தில் ஒரு சொல் கூற விருப்பம். ஆங்கிலத்தில் அந்தச் சிறு கோட்டை எங்குக் கண்டாலும் மைனஸ் என்றே படித்துவிடுகின்றனர். அது செய்யும் தொழில்களோ மூன்று. ஓர் எண்ணிலிருந்து மற்றொன்றை எடுப்பது ஒன்று. பூஜ்யத்திற்குக் கீழான எண்ணைக் காட்டுவது ஒன்று. எதிர்த்திசையைக் காட்டுவது ஒன்று. தமிழில் இவற்றுக்குக் கழித்தல், குறை, எதிர் என்று தனித்தனிச் சொற்கள் உள்ளன. இலங்கைப் பாடநூல்கள் குறை எண்ணை மறை எண் என்று வழங்குகின்றன. இத்தனை சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு நாமும் எல்லாவற்றையும் மைனஸ் என்றே கூறி வருகிறோம். இ − 49 என்பதை "இழுவிசையிலிருந்து 49-ஐக் கழி" என்று படித்தால் அது வெறும் கணக்கு. "மேல்நோக்கி இ, கீழ்நோக்கி 49" என்று படித்தால் கயிறும் எடையும் கண்முன் நிற்கும்.

திசையுடைய அளவுகளுக்கென்றே தனி இயற்கணிதம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாகியது. ஹாமில்டன் 1843-லும், அமெரிக்கரான கிப்ஸ் 1880-களிலும் இட்ட அடிப்படையின்மேல் எழுந்த வெக்டர் முறை இன்று கல்லூரிகளில் வழங்குகிறது. அதைக் கற்ற பின்னரும் ஓர் இடத்தில் குறியை மட்டும் நம்ப இயலாது. அது உராய்வு வரும் இடம்.

மேசைமேல் 4 கிலோ கட்டை. அதிலிருந்து கயிறு கப்பியின் வழியாகச் சென்று 1 கிலோ எடையைத் தாங்குகிறது. நகரும்போது மேசையின் உராய்வு 19.6 நியூட்டன். ஓய்விலிருக்கும் கட்டையை அசைக்கவும் குறைந்தது அவ்வளவு விசை வேண்டும் எனக் கொள்வோம். தொங்கும் எடையின் இழுப்பு 9.8 மட்டுமே. எடை இறங்குவதாகக் கொண்டு எழுதினால் 9.8 − 19.6 = 5 மு; முடுக்கம் −1.96. முன்போல எதிர்த்திசை என்று படித்தால், சிறிய எடை தானாக மேலேறிக் கட்டை பின்னோக்கி ஓடும்! கட்டை முன்பே கப்பியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது என்றால், அக்கழித்தல் குறி அதன் வேகம் குறைவதைக் காட்டுகிறது. அப்போது இழுவிசை 11.76 நியூட்டன். கட்டை ஓய்வில் இருந்தது என்றாலோ, உராய்வு 19.6 என்று எழுதியதே பொருந்தாது. உராய்வு தேவையான அளவுக்கு மட்டுமே, அதாவது 9.8 நியூட்டன் அளவுக்கே எதிர்த்து நிற்கும்; முடுக்கம் பூஜ்யம்; இழுவிசை 9.8 நியூட்டன். வினாத்தாளில் கட்டை தொடக்கத்தில் எந்நிலையில் இருந்தது என்று கூறும் வரியை, எண்களைத் தொடுவதற்கு முன்பே படித்துவிட வேண்டியிருக்கிறது.